ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டால்?

சென்ற வாரம் நாம் பார்த்தது, ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரை நிறுத்தவிடாமல் கடிதம் எழுதிக் குவித்த 1968ஆம் ஆண்டு ரசிகர்களை. கதை தொடர்ந்து வந்தால் போதும் என்பதுதான் அவர்கள் கேட்டது. அவர்களுக்குப் பின்னால் வந்த தலைமுறைக்கு அது போதவில்லை. கதை எங்கே போகிறது என்பதை, கதை போய்ச் சேருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கிளம்பினார்கள்.

அந்தக் கிறுக்கு உச்சத்துக்குப் போனது ‘லாஸ்ட்’ தொடரில். 2004 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் அது. சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் கிளம்பிய விமானம் ஒரு தீவில் விழுந்து நொறுங்குகிறது. வெயில் கொளுத்தும் அந்தக் காட்டில் பனிக்கரடி வருகிறது. கண்ணில் படாத ஏதோ ஒன்று மரங்களை வேரோடு சாய்த்துக்கொண்டு நடமாடுகிறது. தரையில் ஓர் இரும்பு மூடி. அதன் ஓரத்தில் 4, 8, 15, 16, 23, 42 என்று எண்கள். தப்பிப் பிழைத்தவர்களில் ஒருவன் ஊரில் லாட்டரி வென்றதும் இதே எண்களால்தான்! ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் மூன்று புதிய கேள்விகள் முளைத்தன.

2006 மார்ச் 29 அன்று ஒளிபரப்பான எபிசோடைச் சொல்ல வேண்டும். அந்த இரும்பு மூடிக்கு அடியில் இருந்த நிலவறைக்குள் கனமான இரும்புக் கதவு ஒன்று இறங்கி, தப்பிப் பிழைத்தவர்களில் ஒருவரான ஜான் லாக்கின் கால் அதனடியில் மாட்டிக்கொள்கிறது. விளக்குகள் அணைகின்றன. புற ஊதா விளக்கு எரிகிறது. வெறும் கதவாக இருந்த இடத்தில், கையால் வரைந்த பெரிய வரைபடம் ஒன்று ஒளிர்கிறது. எண்கோணக் கட்டங்கள், அம்புக்குறிகள், லத்தீன் வாசகங்கள், அடித்தல் திருத்தல்கள், நடுவில் ஒரு கேள்விக்குறி. சில நொடிகள்தான். பழைய விளக்குகள் எரிந்ததும் மறைந்துவிடுகிறது.

அந்தச் சில நொடிகள் ரசிகர்களுக்குப் போதுமாக இருந்தன. பதிவு செய்த காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு பிம்பத்தில் மங்கலாக இருந்த வரியை அடுத்த பிம்பத்தில் தேடினார்கள். துண்டு துண்டாகக் கிடைத்ததை ஒட்டி முழு வரைபடத்தையும் திரும்ப வரைந்தார்கள். லத்தீன் தெரிந்தவர் மொழிபெயர்த்தார், நிலப்படம் படிக்கத் தெரிந்தவர் திசைகளைக் கணக்குப் போட்டார். நடுவில் இருந்த கேள்விக்குறி என்ன என்று ஆளுக்கொரு விளக்கம். சரியாக ஆறு வாரம் கழித்து ஒரு எபிசோட் வந்தது. அதன் தலைப்பே வெறும் ‘?’ தான். அந்த இடத்தில் பூமிக்கடியில் இன்னொரு ஆய்வுக்கூடம் இருந்தது. முகம் தெரியாத பலர் சேர்ந்து ஒரு கதவை வரிவரியாகப் படித்ததை நான் மிக உயர்ந்த வாசிப்பு என்றே சொல்வேன். பேராசிரியர்கள் கல்வெட்டுக்குக் கொடுக்கும் கவனத்தைப் பொழுதுபோக்குத் தொடர் ஒன்றுக்கு அவர்கள் கொடுத்தார்கள்.

அதே ரசிகர்களிடம் ஆரம்பத்திலிருந்தே இன்னொரு ஊகமும் இருந்தது: எல்லோரும் விபத்திலேயே செத்துவிட்டார்கள், அந்தத் தீவு சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் இடைப்பட்ட இடம். அப்படி இல்லை என்று தொடரின் தயாரிப்பாளர்களான டேமன் லிண்டலாஃபும் கார்ல்டன் கியூஸும் பலமுறை மறுத்தார்கள். 2010 மே 23 அன்று வந்த கடைசி எபிசோடும் தீவில் நடந்ததெல்லாம் உண்மை என்றே சொன்னது. இறப்புக்குப் பிந்தைய உலகமாக இருந்தது கடைசி சீசனில் இணையாக ஓடிய இன்னொரு கதை மட்டும். ஆனால் பெயர்கள் ஓடும்போது, ஆளில்லாக் கடற்கரையில் கிடக்கும் விமானச் சிதைவுகளை ஏபிசி காட்டியது. பார்வையாளர்கள் மெல்ல இயல்புக்குத் திரும்பட்டும் என்று சேனல் தானாகச் சேர்த்த காட்சி அது. பலர் அதையும் துப்பாகவே எடுத்துக்கொண்டு, ‘செத்துத்தான் போயிருக்கிறார்கள்’ என்று முடிவு கட்டினார்கள். ஒவ்வொரு பிம்பத்திலும் அர்த்தம் உண்டு என்று ஆறு ஆண்டுகள் பழக்கிவிட்டு, கடைசி நிமிடத்தில் அர்த்தமில்லாத ஒன்றைக் காட்டியது சேனலின் தவறு. ரசிகர்கள் மேல் குற்றமில்லை.

ஊகம் பொய்த்தால் இப்படி. பலித்துவிட்டால்? (‘வெஸ்ட்வேர்ல்ட்’ இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.) 2016 அக்டோபரில் எச்பிஓவில் தொடங்கிய இந்தத் தொடரில், மனிதர்களைப் போன்ற இயந்திரங்கள் உலவும் கேளிக்கைப் பூங்காவுக்கு வில்லியம் என்ற இளைஞன் வருகிறான். அதே பூங்காவில் கறுப்பு உடை அணிந்த ஒரு கிழவர் கொடூரங்கள் செய்துகொண்டு திரிகிறார். வில்லியம் வரும் காட்சிகளில் பூங்காவின் சின்னம் பழைய வடிவத்தில் இருப்பதை ரசிகர்கள் கவனித்தார்கள். அப்படியானால் இரண்டும் ஒரே காலத்தில் நடக்கவில்லை. வில்லியம்தான் முப்பது ஆண்டு கழித்து அந்தக் கிழவர். டிசம்பரில் பத்தாவது எபிசோட் அதை வெளிப்படுத்தியபோது, ஊகித்தவர்கள் ஏமாந்ததாக எனக்குத் தோன்றவில்லை. துப்பு நேர்மையாக வைக்கப்பட்டிருந்தது, கவனித்தவர்களுக்குப் பலன் கிடைத்தது.

ஆனால் இரண்டாவது சீசன் உருவானபோது, மூன்றாம் எபிசோடின் திருப்பத்தை ரசிகர்கள் ஊகித்துவிட்டதால் அதை மாற்றுகிறோம் என்று தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோனதன் நோலன் சொன்னார். எனக்கு இதில் வருத்தம் உண்டு. நூறு பேர் ஊகித்தார்கள் என்பதற்காகக் கதையை வளைத்தால், ஊகிக்காமல் கதைக்காக மட்டும் பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களுக்குக் கிடைப்பது இரண்டாம் தரமான விடை. அந்த சீசனில் காலம் தேவைக்கு மேல் கலைத்துப் போடப்பட்டிருந்தது. நான்கு சீசன்களோடு, 2022இல் தொடர் ரத்தானது.

‘பாபிலோன் 5’ என்ற விண்வெளித் தொடரை எழுதிய மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கி இதே சிக்கலை வேறு விதமாக எதிர்கொண்டார். நினைவு அழிக்கப்பட்ட ஒரு கொலையாளி, தான் யார் என்று தெரியாமலே துறவியாக வாழ்கிறான் என்பது அவர் மனதில் இருந்த கதை. ரசிகர் ஒருவர் தற்செயலாக அதே போன்ற கருவைப் பொதுவில் எழுதிவிட்டார். நாளை வழக்கு வரலாம் என்பதால் கதை கிடப்பில் போடப்பட்டது. எனக்கு உரிமை எதுவும் வேண்டாம் என்று அந்த ரசிகர் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகுதான் எபிசோட் எடுக்கப்பட்டது. 1995இல் ஒளிபரப்பான அந்தக் கதை இன்றும் தொடரின் சிறந்தவற்றில் ஒன்று. ஸ்ட்ரசின்ஸ்கி கதையை மாற்றாமல் காத்திருந்தார். அதுதான் சரி.

விடை தெரிந்துவிட்டால் கதை கெட்டுவிடாது. ‘வெஸ்ட்வேர்ல்ட்’ முதல் சீசனை முன்பே பார்த்தவர்கள், விடை தெரிந்த பிறகு இன்னொரு முறை பாருங்கள். இயந்திரப் பெண் டொலோரஸோடு தனியே உட்கார்ந்து பேசுபவர், பூங்காவில் வேலை பார்க்கும் பெர்னார்ட் என்றுதானே நினைத்திருப்பீர்கள்? இந்த முறை அந்தக் காட்சிகளில் உங்களுக்கு, பூங்காவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆர்னால்ட் தெரிவார்.

(தொடரும்)