ஓய்ந்த யுத்தமும் ஓயாத அச்சமும்

சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் டச்சுக்காரர் எழுப்பிய செங்கற் கோட்டையின் மதில் இடிந்தும் இடியாமலும் இன்றும் நிற்கிறது. அக்கோட்டைக்குள் அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. மாண்டவர் பெயரும், மாண்ட ஆண்டும், குலச்சின்னமும் அவற்றின்மேல் நேர்த்தியாகச் செதுக்கப்பட்டுள்ளன. வடமேற்கே காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில், 1781-ல் மடிந்த ஆங்கில அதிகாரிகளுக்கு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அதே பொள்ளிலூரில் மைசூரார் 1780-ல் பெற்ற வெற்றி வர்ணச் சித்திரமாக விளங்குகிறது. கடல் கடந்து வந்தவனுக்குக் கல் உண்டு. வென்றவனுக்குச் சித்திரம் உண்டு. இவ்விருவர் காலடியில் பயிரும் வீடும் கன்றும் காலியும் இழந்து பசியால் மாண்ட செங்கற்பட்டுக் குடிகளுக்கு என்ன உண்டு?

இவ்வினா பழங்கதை பேசும் வினா அன்று. உடன்படிக்கையில் கையொப்பமான நாளோடு யுத்தம் முடிந்ததாகச் சரித்திர நூல்கள் கூறும். ஊர்களில் அது அவ்வாறு முடிவதில்லை. யுத்தம் விட்டுச் சென்ற அச்சமும், வறுமையும், தீராத வழக்கும் பேரப்பிள்ளைகள் வரை தொடர்கின்றன. அதற்கு நமது செங்கற்பட்டு ஜில்லாவைப் போன்ற சாக்ஷி வேறு தேடவேண்டுவதில்லை.

1780 ஜூலை மாதத்தில் ஹைதர் அலி செங்கம் கணவாய் வழியே பெருஞ்சேனையுடன் கர்நாடகத்தில் இறங்கினார். சென்னையைச் சுற்றிலும் வேலூரைச் சுற்றிலும் அகன்ற வளையமாக ஊர்கள் கொளுத்தப்பட்டன. கோட்டைக்குள் இருக்கும் கும்பினிப் பட்டாளத்துக்கு நெல்லும் வைக்கோலும் கிட்டாதிருக்கச் செய்த யுத்த தந்திரம் அது. செப்டம்பர் 10-ல் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. 1781 ஜனவரியில் ஐர்கூட் செங்கற்பட்டை அடைந்து, கருங்குழியைப் பிடித்து, வந்தவாசியை மீட்டார். 1782 பிப்ரவரி 17-ல் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே நடுக்கடலில் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலக் கப்பற்படையும் பொருதன. கரையில் நின்ற மீனவருக்கு அந்தப் பீரங்கி முழக்கத்தில் யார் வென்றால் என்ன, யார் தோற்றால் என்ன?

ஹைதரையும் திப்புவையும் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்த வீரர்களாகப் போற்றும் மரபில் வந்தவர்கள் நாம். அம்மரபை நாம் கைவிடப் போவதில்லை. 1769-ல் சென்னை வாயிலில் ஹைதரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, மராட்டியர் அவரைத் தாக்கியபோது உதவியிருக்க வேண்டிய கும்பினியார் உதவவில்லை. 1779-ல் மாஹியைக் கைப்பற்றி மேலும் மூட்டினர். நவாபு முகம்மது அலியோ, கும்பினி உத்தியோகஸ்தர்களிடமே பட்ட கடனுக்காகக் குடிகளைக் கசக்கி வந்தார். 1785-ல் எட்மண்டு பர்க் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் கர்நாடகத்தின் நாசத்தை விவரித்தது, அந்தக் கடன்காரர்களைக் கூண்டில் நிறுத்துவதற்காகவே. ஆனால், காரணம் எவரிடம் இருப்பினும், தீப்பந்தம் எறியப்பட்டது நம்மவர் கூரையில். முன்னோர் அக்காலத்தை ‘ஹைதர் கலாபம்’ என்று சொல்லிச் சொல்லி நடுங்கினர். தேசாபிமானத்தின் பொருட்டு அந்த நடுக்கத்தை மறைப்பது தேசாபிமானமாகாது. அதை மறைத்தால், ‘நாங்கள் வந்தே உங்களுக்குச் சாந்தி கொணர்ந்தோம்’ என்று தம் பாடநூல்களில் எழுதிய ஆங்கிலேயருக்கே அந்நினைவை விட்டுக்கொடுத்தவர்களாவோம்.

1784 மார்ச்சு 11-ல் மங்களூரில் சமாதானம் கையெழுத்தாயிற்று. ஊர்களில் என்ன கண்டார்கள்? செங்கற்பட்டு ஏரிகளின் நாடு. ஆற்றுப் பாசனம் சுருக்கம். மழைநீரைக் கரை கட்டித் தேக்கினால்தான் சோறு. ஏரியோ ஆண்டுதோறும் கூட்டுழைப்பைக் கேட்கும் பொருள். குடி ஓடினால் குடிமராமத்து இல்லை. மராமத்து இல்லையேல் கரை உடையும். கரை உடைந்தால் ஓடிய குடி திரும்பாது. யுத்தம் ஓய்ந்த பின்னும் பஞ்சம் ஓயாத காரணம் இதுவே. திரும்பி வந்தவனுக்கும் நம்பிக்கை எங்கிருந்து வரும்? 1790-ல் மீண்டும் மைசூர் யுத்தம் மூண்டது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழும் வரை, கிழக்கே மழை மேகம் எழும்போதே மேற்கே புழுதி எழுகிறதா என்று பார்த்தவன் கரைக்கு மண் சுமப்பானா?

1767 முதல் 1774 வரை பார்னார்டு என்னும் அதிகாரி இந்த ஜாகீரில் ஏறக்குறைய 2,000 கிராமங்களின் கணக்கை எடுத்தார். நிலம் எவ்வளவு, வீடு எத்தனை, ஏரி எத்தனை, விளைவில் கோயிலுக்கும் வெட்டியானுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் எவ்வளவு பங்கு என்று ஓலையில் ஊர்க்கணக்கர் எழுதிய விவரங்கள் அதற்கு அடிப்படை. யுத்தத்துக்கு முன் ஊர் இருந்த நிலையை அவற்றில் காணலாம். யுத்தத்துக்குப் பின் 1794 முதல் 1798 வரை கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் 1799-ல் விரிவான அறிக்கை எழுதினார். இவ்விரண்டு கணக்குகளுக்கும் நடுவேதான் இந்த ஜில்லாவின் பெருந்துக்கம் புதைந்து கிடக்கிறது.

மதுராந்தகத்து ஏரி காத்த இராமர் கதையை நேயர்கள் அறிவர். மழை தோறும் உடைந்த கரையை 1795-க்கும் 1798-க்கும் இடையே பிளேஸ் துரை செப்பனிட்டார், பெருமழை இரவில் கரையைப் பார்க்கச் சென்றவர், வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நின்றதைக் கண்டார், கரை நின்றது, துரை தாயார் சந்நிதியைத் திருப்பணி செய்தார் என்பது ஐதிகம். பக்தர் இதைப் பக்தியாகக் கொள்க. நாம் இதில் மற்றொன்றையும் காண்கிறோம். ஊரையே மிதித்துச் சென்ற சேனைகளைப் பல ஆண்டு கண்டவர்கள், ஆயுதம் ஏந்தியவர் ஒருவரேனும் தங்கள் ஏரியைக் காக்க நிற்கமாட்டாரா என்று ஏங்கிய ஏக்கம் அக்கதையில் இருக்கிறது. துரையின் பெயர் கோயில் கல்லில் ஏறியது. கரைக்கு மண் சுமந்தவர் பெயர் ஏறவில்லை.

மண் சுமந்தவர் யார் என்ற கேள்வியே நம்மை யுத்தத்தின் மிகப் பெரிய மிச்சத்துக்குக் கொண்டு செல்கிறது. குடிகள் கலைந்து திரும்பியபோது, நிலம் யாருடையது என்ற வழக்கு எழுந்தது. மிராசுதார் யார், உட்குடிப் பாயகாரி யார், பரகுடிப் பாயகாரி யார் என்று கும்பினியார் விசாரித்தனர். மிராசு உரிமையைப் பற்றி எல்லிஸ் துரையின் நூல் 1818-ல் அச்சாயிற்று. இவ்வளவு விசாரணையிலும், சேற்றில் இறங்கி உழுத ஆதிதிராவிடருக்கு நிலத்தில் என்ன உரிமை என்ற கேள்வி ஓரத்திலேயே நின்றது. தரிசு நிலத்தைக் கேட்பதிலும் மிராசுதாருக்கே முதலுரிமை என்று தர்க்காஸ்து விதி நின்றது. உழைப்பவன் ஒரு காணி கேட்டாலும் மறித்துவிட அவ்விதி போதும். நூறாண்டு கழித்து, 1891-ல், செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமன்ஹீர் இம்மக்களின் நிலைமையை எழுதிச் சர்க்கார் முன் வைத்தார். அதன் பயனாய் 1892-ல் பிறந்த உத்தரவினால் அளிக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். அந்நிலங்கள் பிறர் கைக்கு மாறலாகாது என்பது நிபந்தனை. மாறவில்லையா? மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அந்நிலத்தை மீட்கப் புறப்பட்டவர்கள்மேல் 1994 அக்டோபர் 10-ல் செங்கற்பட்டில் போலீசார் சுட்டதில் இருவர் உயிர் நீத்தனர். ஹைதர் கலாபமே இதற்கெல்லாம் மூலம் என்று நாம் சொல்ல வரவில்லை. நிலமற்ற நிலைமை அதற்கும் முந்தியது. யுத்தத்துக்குப் பின் நாட்டைச் சீர்படுத்தியவர்கள் வரியை மட்டும் எண்ணி நியாயத்தை எண்ணாது விட்டதனால் அநீதி இறுகிப் போயிற்று என்பதே நம் வாதம்.

சென்னையில் 1781-82 பஞ்சத்தின்போது ஓடிவந்த ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த இடம் மணியக்காரர் சத்திரமாயிற்று. அதன் அருகே எழுந்த வைத்தியசாலையை, பின்னர் ஸ்டான்லி என்று பெயர் மாறிய பின்னும், ஜனங்கள் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே வழங்கி வந்தனர். அதிகாரம் சூட்டிய பெயரை மீறிப் பசியின் பெயர் நிலைத்தது. மறதியை நாம் எவ்வளவு வளர்த்தாலும் ஜனங்களின் நாவு மறப்பதில்லை.

அப்படியாயின் பழம்பகை தீரவே தீராதா? தீர்த்துக் காட்டியவர் உண்டு. மாமல்லபுரம் என்ற பெயரே ஒரு வெற்றி வீரனின் விருதுப் பெயர். மாமல்லனாகிய முதலாம் நரசிம்மவர்மன் 642-ல் வாதாபியைக் கைப்பற்றித் தன் வெற்றியை அவ்வூர்ப் பாறையில் பொறித்தான். அந்த அவமானம் சளுக்கர் நெஞ்சில் தலைமுறை தலைமுறையாக எரிந்தது. ஏறக்குறைய நூறாண்டு கழித்து இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியில் வெற்றியோடு புகுந்தான். பழிக்குப் பழி என்று நகரை அழித்திருக்கலாம். அவன் அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயிற் செல்வத்தைக் கண்டு, அதைக் கோயிலுக்கே விட்டுத் தந்ததாக அங்கேயே கன்னடத்தில் கல்லில் எழுதி வைத்தான். வாதாபியில் வென்றவன் கல். காஞ்சியில் வென்றும் விட்டவன் கல். இரண்டையும் நம் பிள்ளைகள் சேர்த்துப் படிக்க வேண்டும்.

படிக்காததன் பலனை நம் காலத்திலும் காண்கிறோம். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் இதே மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுக்கு முன்னே இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் உலாவினர். 1962-ன் காயம் ஆறிவிட்டதென்று பலர் எண்ணினர். எட்டே மாதத்தில், 2020 ஜூன் 15-ல், கல்வான் பள்ளத்தாக்கில் நமது சிப்பாய்கள் 20 பேர் மடிந்தனர். எல்லை வழக்கைத் தீர்க்காத உலாவினால் எல்லை தீராது.

இதனினும் நெஞ்சைச் சுடுவது ஈழத்து நிலைமை. 1983-க்குப் பின் இக்கரைக்கு வந்த அகதிகளில் பலர் இங்கேயே முதுமை அடைந்துவிட்டனர். செங்கற்பட்டிலேயே ‘சிறப்பு முகாம்’ என்ற பெயரால் ஈழத்தமிழர் அடைத்து வைக்கப்பட்டதையும் இந்த ஜில்லா கண்டது. 2009 மே மாதத்தில் அங்கே பீரங்கி ஓய்ந்தது. ஆனால் 2017 முதல் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்து, படையினர் கையில் ஒப்படைத்த தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்கலாயினர். விடை பெறாமலே மாண்டோர் பலர். விடை கிட்டாத வீட்டில் யுத்தம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதைச் சமாதானம் என்று அழைப்போரை நாம் கேட்பது ஒன்றே: கணக்கு எங்கே?

கணக்கு! அதுவே சமாதானத்தின் முதல் வேலை என்று நாம் சொல்லுகிறோம். மாண்டவர் யார், ஓடியவர் யார், யார் நிலம் யாரிடம் போயிற்று என்று ஊரறிய எழுதி, எழுதியபடி பரிகாரம் செய்வது. நம் ஜில்லாவில் அதைத் தொடங்கத் தடை யாது? ஓலையிலுள்ள ஊர்க்கணக்குகள் ஊர்தோறும் பள்ளியிலேனும் படிக்கக் கிடைக்கட்டும். 1892 உத்தரவுப்படி அளித்த நிலங்களின் ஜாபிதா கிராம சபையில் உரத்து வாசிக்கப்படட்டும். தவறிய நிலம் உரியவரிடம் திரும்பட்டும். சதுரங்கப்பட்டினத்துக் கல்லறைகளைப் பழுது பார்க்கும் சர்க்கார், 1780-க்கும் 1784-க்கும் இடையே மாண்ட குடிகளுக்கென மதுராந்தகத்துக் கரையில் ஒரு கல் நாட்டட்டும். அக்கல்லில் பகைவன் பெயர் வேண்டாம். இந்த ஏரியை வெட்டியவரும், இதன் நீரின்றி மாண்டவரும், மறுபடி இதற்கு மண் சுமந்தவரும் இவ்வூரார் என்று எழுதினால் போதும்.