டிராக்டரில் மாட்டும் மோட்டார் சைக்கிள் தாங்கி

வயலில் பழுதாகி நின்ற மோட்டார் சைக்கிளை ஊருக்குக் கொண்டுவர டிரெய்லர் பூட்ட வேண்டியதில்லை. டிராக்டரின் மும்முனை இணைப்பில் மாட்டும் தாங்கியை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். உர மூட்டை ஏற்றவும் உதவும்.

சிறிய டிராக்டர்களில் கீழ்க்கைகளுக்கு 22 மி.மீ. முளையும், மேல் தண்டுக்கு 19 மி.மீ. முளையும் பொருந்தும், பெரியவற்றில் இவை 28, 25 மி.மீ. கலப்பையின் முளைகளை அளந்து, அதே அளவில் சட்டம் அமைப்பதே நல்லது. சக்கரங்கள் அமர 100 மி.மீ. சேனல் இரும்பை மல்லாத்திப் பற்றவைக்க வேண்டும்.

வண்டியைக் குறுக்காகவே நிறுத்த வேண்டும். 100 கிலோ வண்டியின் எடைமையம் பின் அச்சுக்கு 1.3 மீட்டர் பின்னால் இருந்தால், அச்சிடைத் தூரம் 1.9 மீட்டருள்ள டிராக்டரின் முன்சக்கரங்களில் சுமார் 68 கிலோ பாரம் குறையும். நெடுக்காக நிறுத்தினால் எடைமையம் 2 மீட்டருக்குப் போய், குறைவு 105 கிலோவாகும். தாங்கியின் எடை வேறு! வாய்க்கால் கரை ஏறும்போது முன்சக்கரம் தூக்கி, ஸ்டீயரிங் பிடிக்காமல் போவது இதனால்தான். முன்புற எடைக்கட்டிகளை மாட்டிக்கொள்வது அவசியம்.

குறுக்கே நிறுத்திய வண்டி இருபுறமும் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். முனைகளில் சிவப்புத் துணி கட்டி, பகலில் மட்டும், மெதுவாகச் செல்லலாம். பின்விளக்குகள் மறையக்கூடாது.

தாங்கியைத் தரையில் இறக்கியே வண்டியை ஏற்ற வேண்டும். கைப்பிடியின் இருபுறமும் கயிற்றைக் கீழ்நோக்கி இழுத்து, முன் ஷாக் அப்சார்பர் சற்று அமுங்கும்படி கட்டுக. கீழ்க்கைகள் ஆடாதவாறு பக்கச் சங்கிலிகளை முறுக்குக. தாங்கியில் ஆள் நிற்கவே கூடாது. பெட்ரோல் அடைப்பான் உள்ள வண்டியானால், புறப்படுமுன் அதை மூடிவிடுக.