பினாமி யுத்தம்

கிரயப் பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கும். பணம் போட்டவர் வேறொருவராக இருப்பார். வழக்கு என்று வந்தால் கோர்ட்டுப் படியேறி நிற்பவர் பத்திரத்தில் பெயருள்ளவரே. இதற்குப் பினாமி என்று பெயர் என்பதை நம் அங்கத்தினர்கள் நன்கு அறிவர். நிலத்தில் மட்டுமன்றி யுத்தத்திலும் பினாமி உண்டு. இரண்டு வல்லரசுகள் தம்முள் நேரே பொருதாமல், மூன்றாவது நாட்டின் மண்ணில், பெரும்பாலும் பிறர் கைகளைக் கொண்டே பொருதுவதுதான் பினாமி யுத்தம். அது எவ்வாறு மூள்கிறது, அதன் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதை லாவோஸ் நாட்டின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

நேரே மோதாத காரணம்

அமெரிக்காவிடம் மட்டுமே இருந்த அணுகுண்டை 1949-ஆம் ஆண்டில் சோவியத் ரஷ்யாவும் சோதித்துப் பார்த்தது. அதன் பிறகு அவ்விரு நாடுகளும் நேருக்கு நேர் மோதினால் வென்றவன் என்று ஒருவன் மிஞ்சுவானா என்ற அச்சம் இரு தலைநகரங்களிலும் குடிகொண்டது. ஆயினும் போட்டி தணியவில்லை. ஆகவே, தமக்கு வேண்டியவர்களுக்குப் பணமும் ஆயுதமும் பயிற்சியும் கொடுத்துப் போரிடச் செய்யும் முறை வளர்ந்தது. இதில் வல்லரசுக்கு மூன்று வசதிகள் உண்டு. சொந்த வீரர்கள் மடிவது குறைவு. எதிர்த்தரப்பு வல்லரசு நேரே திருப்பித் தாக்குவதற்குக் காரணம் கிடைப்பதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, சொந்த மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை.

லாவோஸ் அகப்பட்ட விதம்

லாவோஸ் கடற்கரையற்ற மலைநாடு. யுத்த காலத்தில் அதன் ஜனத்தொகை முப்பது லட்சத்தை எட்டவில்லை. ஜனங்களுக்கு நெல் விவசாயமே பிரதானத் தொழில். வீட்டுப் பெண்டிர் தறியில் பட்டும் பருத்தியும் நெய்வர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1953-ஆம் ஆண்டில் விடுபட்ட இந்நாட்டில், அரசாங்கத் தரப்பு, நடுநிலையாளர், பாதெட் லாவோ என்னும் கம்யூனிஸ்டுகள் என மூன்று பிரிவுகள் தோன்றின. நடுநிலையாளரின் தலைவரான இளவரசர் சுவன்ன பூமாவும், பாதெட் லாவோவின் தலைவராக விளங்கிய சுபானுவோங்கும் ஒரு தந்தையின் மக்களே. பங்காளிச் சண்டையாக இருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பிரிவினரின் பின்னும் ஒரு வெளிநாடு வந்து நின்றது.

1954-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையைக் கண்காணிக்க ஒரு சர்வதேசக் கமிஷன் அமைக்கப்பட்டது. இந்தியா அதன் தலைமை வகித்தது. கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். கண்காணிக்கும் பொறுப்பு இருந்ததேயன்றி, தடுத்து நிறுத்தும் படைபலம் கமிஷனிடம் இல்லை. 1962-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதினான்கு நாடுகள் மீண்டும் ஜெனீவாவில் கூடி, லாவோஸ் நடுநிலை நாடு என்றும், அந்நியப் படைகள் யாவும் வெளியேற வேண்டும் என்றும் கையொப்பமிட்டன.

கையொப்பத்தின் மை உலருமுன் அது மீறப்பட்டது. தென் வியட்நாமுக்குச் செல்லும் பாதை லாவோஸ் வழியே கிடந்தமையால், வட வியட்நாம் தன் படைகளில் பெரும்பகுதியை அங்கேயே நிறுத்திக்கொண்டது. அதற்குச் சோவியத் ரஷ்யாவும் சீனாவும் துணை நின்றன. அமெரிக்காவோ தன் ராணுவ ஆலோசகர்களை வெளிப்படையாக விலக்கிக்கொண்டு, உளவு ஸ்தாபனத்தின் மூலம் மலைவாசிகளான மொங் மக்களைக் கொண்டு ரகசியமாக ஒரு படையை வளர்த்தது. வாங் பாவோ என்பவர் அதன் தளபதி. தங்கள் மலைகளைக் காப்பதற்காக மொங் மக்களில் பலர் மனமுவந்தே போரிட்டனர் என்பதையும் மறுக்க இயலாது. பினாமிக்கும் சொந்த நோக்கம் உண்டு. ஆனால் போரை எப்பொழுது நிறுத்துவது என்ற முடிவு மட்டும் அவர் கையில் இருப்பதில்லை.

வானத்திலிருந்து விழுந்தது

1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் சுமார் 5,80,000 முறை பறந்து, இருபது லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகளை லாவோஸின் மீது வீசின. சராசரியாக எட்டு நிமிஷத்திற்கு ஒரு விமானச் சுமை, இரவும் பகலும், ஒன்பது ஆண்டுகள்! சியெங் குவாங் மாகாணத்தில் ஜாடிச் சமவெளி என்னும் பிரதேசத்து ஜனங்கள் குகைகளில் ஒளிந்து வாழ்ந்து, இருட்டிய பின் வெளிவந்து பயிர் செய்தனர். 1968-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தாம் பியூ என்னும் குகை தாக்கப்பட்டு, அதனுள் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

இவ்வளவும் நடந்தபோது, தம் வரிப்பணம் எங்கே செல்கிறது என்பதை அமெரிக்க மக்கள் அறியார். 1969-ஆம் ஆண்டில் செனட் சபையின் துணைக் கமிட்டி ஒன்று விசாரித்த பின்னரே உண்மை கசிந்தது. ஜனாதிபதி நிக்ஸன் 1970-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் லாவோஸில் தம் நாட்டின் பங்கைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

யுத்தம் முடிந்தும் முடியாதது

1973-ஆம் ஆண்டில் குண்டுவீச்சு நின்றது. 1975-ஆம் ஆண்டில் பாதெட் லாவோ ஆட்சியைக் கைப்பற்றியது. வல்லரசுகளின் கவனம் வேறிடம் திரும்பியது. ஆனால் வயல்களில் யுத்தம் ஓயவில்லை. வீசப்பட்டவற்றுள் 27 கோடி சிறு குண்டுகளும் அடங்கும். அவற்றுள் பல சாத்துக்குடிப் பழ அளவினவாய் இருந்தன. ஏறக்குறைய எட்டுக் கோடி அப்பொழுது வெடிக்காமல் மண்ணில் புதைந்தன. மண்வெட்டி பட்டாலும், மேலே அடுப்பு மூட்டினாலும் அவை வெடிக்கக்கூடும். விளையாட்டுப் பொருள் என்று கையிலெடுத்த குழந்தைகள் பலர். யுத்தம் முடிந்த பின் இவற்றால் இறந்தோரும் ஊனமுற்றோரும் இருபதாயிரத்திற்கு மேற்பட்டவர்கள். நிலம் இருந்தும் உழ அஞ்சும் விவசாயியின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மொங் மக்களில் பல்லாயிரவர் மேகாங் நதியைக் கடந்து தாய்லாந்தின் அகதி முகாம்களை அடைந்தனர். பரம்பரைப் பூத்தையலில் கைதேர்ந்த அவர்களுடைய பெண்கள், அங்கே விமானங்களையும் எரியும் ஊர்களையும் ஆற்றைக் கடக்கும் குடும்பங்களையும் துணியில் தைத்தனர். எழுதப்படாத யுத்தத்தின் வரலாற்றை ஊசியும் நூலும் எழுதின. ஜாடிச் சமவெளியை அடுத்த நாப்பியா கிராமத்தாரோ, விழுந்த அலுமினியத்தை உருக்கிக் கரண்டி வார்த்து விற்றுப் பிழைத்தனர்.

சிறு குண்டுகளைத் தடை செய்யும் சர்வதேச உடன்படிக்கை 2008-ஆம் ஆண்டில் உருவாயிற்று. லாவோஸ் அதில் முன்னின்றது. அமெரிக்கா அதில் சேரவில்லை. எனினும் 2016-ஆம் ஆண்டில் லாவோஸுக்கு வந்த ஜனாதிபதி ஒபாமா, குண்டகற்றும் பணிக்கு மூன்றாண்டுகளில் ஒன்பது கோடி டாலர் வழங்குவதாக அறிவித்தார். அகற்ற வேண்டிய நிலமோ இன்னும் ஏராளம்.

நம் சங்கத்தில் ஒரு கட்டு நூல் வாங்கினாலும் வரவு செலவுப் புத்தகத்தில் ஏறுகிறது. ஆண்டுக்கொரு முறை மகாசபையில் எந்த அங்கத்தினரும் எழுந்து கேள்வி கேட்கலாம். பினாமி யுத்தத்திற்குக் கணக்குப் புத்தகம் இல்லை. கணக்கில் ஏறாத செலவு நின்று போவதில்லை. கேள்வி கேட்க இயலாதவன் தலையில் அது ஏறுகிறது. லாவோஸில் அது மண்வெட்டி பிடித்தவன் தலையில் ஏறியது. ஆதலின் யுத்தத்தைத் தடுக்க விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியது, யாருடைய பணம், யாருடைய நிலம் என்னும் இரு கேள்விகளையே.