முட்டையும் இல்லை, பாலும் இல்லை: மலைநாட்டுக் குளிரில் கேக்கைக் காப்பது எப்படி?

கொழும்பில் சுட்ட கேக்கும் நுவரெலியாவில் சுட்ட கேக்கும் ஒரே மாதிரிக் கெடுவதில்லை. கொழும்பின் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியஸ். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அது 16 பாகையை ஒட்டியே நிற்கிறது. கீழே சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும் கேக், மேலே அதே நாளில் பூஞ்சணம் இல்லாமல் இருக்கும், ஆனால் விறைத்துப்போயிருக்கும். முட்டை, பால், பட்டர் எதுவும் சேர்க்காத வீகன் கேக்கில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும்.

வீகன் என்ற பெயர்தான் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிது. வெள்ளிக்கிழமையில் வரும் பிள்ளையின் பிறந்தநாள், கந்தசஷ்டி விரதம், நத்தார் நேரத்தில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும் அண்ணன் என்று, முட்டை சேர்க்காத கேக்குக்கான காரணங்கள் லயத்து வீடுகளில் ஏற்கெனவே இருந்தன. பொருளாதார நெருக்கடி பாலையும் பட்டரையும் சேர்த்து நிறுத்தியது. 2021 கடைசியிலும் 2022இலும் பால்மாவுக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக இருந்தபோது ஒரு முட்டை 50 ரூபாயைத் தாண்டியது. எட்டு முட்டை உடைத்து ஊற்றும் பட்டர் கேக் என்றால், நாள் முழுக்கக் கொழுந்து பறித்த சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு முட்டைக்கே போய்விடும். 2023 மார்ச்சில் அரசு இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்து பேக்கரிகளுக்குக் கொடுக்க வேண்டி வந்தது.

இதுபோன்ற நெருக்கடியை வேறு நாடுகளும் கண்டிருக்கின்றன. 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்கக் குடும்பங்கள் வினாகிரியும் சோடாவும் சேரும்போது எழும் நுரையை வைத்தே கேக்கை உப்ப வைத்தன. இலங்கையின் பிபிக்கனைப் பல வீடுகளில் தேங்காய்ப்பூ, பாணி, ரவை ஆகியவற்றைக் கொண்டு முட்டையில்லாமலே சுடுகிறார்கள். ஆக, செய்யும் வழி தெரிந்ததுதான். சுட்டதை நாலு நாள் நல்லபடியாக வைத்திருப்பதில்தான் சிக்கல்.

விறைப்பது ஏன்?

கேக் இறுகினால் "காய்ந்துபோச்சு" என்போம். ஈரம் துளியும் குறையாமலே கேக் இறுகக்கூடும் என்பதுதான் உண்மை. அடுப்புச் சூட்டில் நீரை உறிஞ்சி இளகிய கோதுமை மாப்பொருள், ஆறிய பிறகு மெல்ல மெல்ல மறுபடி ஒழுங்கான அடுக்காகி இறுகுகிறது. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், அதாவது பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கும் குளிரில், இது மிக வேகமாக நடக்கும். முட்டை மஞ்சட்கருவில் இருக்கும் லெசித்தின் இந்த இறுக்கத்தை ஓரளவு தள்ளிப்போடும். வீகன் கேக்கில் அந்தத் துணை கிடையாது.

எண்ணெய் விஷயத்தில் மலைநாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். நுவரெலியாவில் குளிர்காலக் காலையில் போத்தலை அடுப்போரம் வைத்து உருக்குவது வழக்கம். அந்த எண்ணெயில் சுட்ட கேக்கும் அதே குளிரில் கட்டிப்படும். கேக் கெட்டுவிட்டது என்று அதற்காக எறிந்துவிட வேண்டாம். சூரியகாந்தி எண்ணெய் அந்தக் குளிரிலும் உறையாது. அதில் செய்த கேக் மறுநாளும் மெத்தென்று இருக்கும்.

விறைத்த கேக்கை மீட்க முடியும். இறுகிய மாப்பொருள் 60 பாகை அளவில் சூடானால் திரும்ப இளகும். துண்டுகளை வாழையிலையில் சுற்றி, இடியாப்பச் சட்டியின் ஆவியில் மூன்று நான்கு நிமிடம் வைத்தால் போதும். ஆனால் அந்த மென்மை நெடுநேரம் தங்காது. அன்றைக்குச் சாப்பிடும் அளவை மட்டும் சூடாக்க வேண்டும்.

மலைநாட்டின் எதிரி ஈரம்

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பாடத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ மூன்று வீத ஈரப்பதம் வரை உலர்த்திய தூளைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தையும் பக்கத்தில் இருப்பதன் வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால்தான், ஈரம் புகாத பைகளில் அடைத்துக் கட்டுகிறார்கள். கேக்குக்கும் அப்படித்தான். தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் வீட்டுக்குள் நுழையும் நாட்களில், மூடாமல் வைத்த கேக்கின் மேற்பரப்பில் உள்ள சீனி ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். பூஞ்சணம் முதலில் பிடிப்பதும் அங்கேதான். அடுக்களையில் விறகுப் புகையும் கருவாட்டு வாசனையும் இருந்தால் அவையும் கேக்கில் ஏறும்.

இறுக மூடும் டின் வேண்டும். ஆனால் சூட்டோடு மூடக்கூடாது. உள்ளே ஆவி நீராகி மூடியில் தங்கி, சொட்டுச் சொட்டாகக் கேக்கின் மேல் விழும். அடுப்பிலிருந்து எடுத்த கேக் உள்ளே நடுப்பகுதி வரை ஆற இரண்டு மணி நேரமாவது ஆகும். கம்பித்தட்டில் வைத்து, மெல்லிய துணியால் மூடி, முழுதாக ஆறவிட்ட பிறகே எண்ணெய்த்தாளில் சுற்றி டின்னில் வைக்க வேண்டும். முழுக் கேக்காக வைத்து, தேவைப்படும்போது வெட்டிக்கொண்டால் காற்றுப் படும் பரப்பு குறையும். வெட்டிய முகத்தைத் தாளால் ஒட்டி மூடிவிடலாம்.

எந்தக் கேக்குக்கு எத்தனை நாள்?

எண்ணெயும் வினாகிரியும் சேர்த்த, ஐசிங் இல்லாத சாதாரணக் கேக், நுவரெலியா, ஹட்டன் குளிரில் டின்னுக்குள் மூன்று நான்கு நாள் இருக்கும்.

நுவரெலியாக் கரட், வாழைப்பழம், பூசணிக்காய் சேர்ந்த கேக்குகளில் முட்டையின் வேலையை அந்தப் பிசைந்த கூழே செய்கிறது. ஈரம் அதிகம் என்பதால் வெளியே இரண்டு நாளுக்கு மேல் வைப்பது நல்லதல்ல. உடம்புக்கு நல்லது என்று சீனியைப் பாதியாகக் குறைத்தால் ஆயுள் இன்னும் குறையும். கேக்கில் உள்ள நீரைப் பிடித்து வைத்து, பூஞ்சணத்துக்குக் கிடைக்காமல் செய்வது சீனிதான்.

தேங்காய்ப்பால் கிரீம் பூசிய கேக்கை மலைக்குளிரை நம்பி வெளியே வைக்கவே கூடாது. 16 பாகை நமக்குக் குளிர். நுண்ணுயிர்களுக்கு அது பெருகக்கூடிய வெப்பநிலைதான். அந்தக் கேக் பிரிட்ஜுக்குள் போக வேண்டும், இரண்டு மூன்று நாளுக்குள் தீர வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீடுகள் லயங்களில் ஏராளம். இருந்த வீடுகளிலும் 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு நிலவியது. அப்படிப்பட்ட இடத்தில் கேக்கைத் தனியாகவும் கிரீமைத் தனியாகவும் செய்து, வெட்டும் நேரத்தில் பூசுவதே பாதுகாப்பு.

நீண்ட நாள் தாங்குவது பழக்கேக். முந்திரிவற்றலையும் பேரீச்சையையும் கடுஞ்சாயத் தேநீரில் இரவு முழுதும் ஊறவைத்து, பாணி சேர்த்துச் சுட்டால், உலர்பழத்தின் இனிப்பு அதை வாரக்கணக்கில் காக்கும்.

ஹட்டனிலிருந்து கொழும்புக்கு

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் போகும் பார்சலில் கேக்கும் இருக்கும். ஏறத்தாழ 1,270 மீட்டர் உயர ஹட்டனிலிருந்து கோச்சியில் கொழும்புக் கோட்டைக்கு இறங்கும்போது, சில மணி நேரத்தில் குளிர் போய் வெக்கை வந்துவிடும். தேங்காயெண்ணெய் ஐசிங் வழியிலேயே உருகும் என்பதால், பார்சலுக்கு ஐசிங் இல்லாத பழக்கேக்கையே தேர்வது நல்லது. வந்து சேர்ந்த டின் இன்னும் குளிராக இருக்கும்போதே திறந்தால் வெக்கைக் காற்றின் ஈரம் கேக்கின் மேலேயே படியும். மூடியபடி ஒரு மணி நேரம் வைத்தால் அந்த ஈரம் டின்னுக்கு வெளியே வியர்த்து நிற்கும். துணியால் துடைத்துவிட்டுத் திறக்கலாம். உறைபெட்டியில் இரண்டு மாதம் வரை வைத்து எடுக்கும் கேக்குக்கும் இதே முறைதான்: சுற்றிய தாளை அவிழ்க்காமல் குளிர் விடச் செய்து, பிறகு பிரிப்பது.