அலறும் குழந்தையை உலுக்க வேண்டாம்

10 மணிக்குத் தூங்கிய குழந்தை 11.30-க்குத் திடீரென்று எழுந்து உட்கார்ந்து வீறிடுகிறது. கண் திறந்திருக்கிறது; உடம்பெல்லாம் வியர்வை. அணைக்க வரும் அம்மாவின் கையைத் தள்ளிவிட்டு, 'அம்மா, அம்மா' என்று அவளையே தேடுகிறது. பத்து நிமிடத்தில் தானாகச் சாய்ந்து தூங்கிவிடுகிறது. காலையில் கேட்டால் ஒன்றும் நினைவில்லை.

மருத்துவர்கள் இதை நைட் டெரர் என்கிறார்கள். கெட்ட கனவு வேறு. தூங்கிய முதல் சில மணி நேரத்தில், ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மூளை அரைகுறையாக விழிக்கும்போது வருவது நைட் டெரர். குழந்தை அப்போதும் தூக்கத்தில்தான் இருக்கிறது; உலுக்கினாலோ முகத்தில் தண்ணீர் அடித்தாலோ அலறல் நீளத்தான் செய்யும். விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள், போதும். கெட்ட கனவு பெரும்பாலும் விடியற்காலைப் பக்கம் வரும். குழந்தை முழுதாக விழித்து, கண்டதைச் சொல்லி அழும். அதற்கு மடியும் ஆறுதலும் உடனே வேண்டும். மறுநாள் அந்தக் கனவைப் படமாக வரையச் சொல்லி, முடிவைக் குழந்தை விரும்பியபடி மாற்றச் சொன்னால் பயம் குறையும்.

பயந்திருக்கும் என்று திருநீறு பூசுவதில் கெடுதல் இல்லை. ஆனால் குழந்தை காதுபட 'காத்து கருப்பு' என்று பேசாதீர்கள். இல்லாத பயத்தை நாமே ஊட்டிவிடுவோம்.

நைட் டெரரைத் தூண்டுவதில் முக்கியமானது தூக்கக் குறைவு. பெங்களூரில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒயிட்ஃபீல்டிலிருந்து டிராஃபிக்கில் ஊர்ந்து அப்பா வீடு சேர 9 மணி. அவர் முகத்தைப் பார்க்காமல் குழந்தை படுக்காது. காலை 7 மணிக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தேவை. யுகேஜி குழந்தைக்குக் கிடைப்பதோ எட்டு. தூக்கம் குறையக் குறைய, மறுநாள் உறக்கம் இன்னும் ஆழமாகிறது. அதிலிருந்து பாதி விழிப்பதும் கூடுகிறது. அப்பாவோடு விளையாடுவதைக் காலைக்கு மாற்றி, அரை மணி நேரமாவது முன்னதாகப் படுக்க வைத்துப் பாருங்கள். சிறுநீர் முட்டினாலும் உறக்கம் கலையும் என்பதால், படுக்குமுன் சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அலறினால், அதற்கு 15 முதல் 30 நிமிடம் முன் மெல்லத் தொட்டு லேசாக எழுப்பி, திரும்பத் தூங்க விடலாம். சில வாரம் இப்படிச் செய்தால் பல குழந்தைகளுக்கு நின்றுவிடும். காய்ச்சல் நாட்களில் மட்டும் வந்தால் காய்ச்சலோடு போய்விடும்.

குறட்டையும் தூக்கத்தைக் கெடுக்கும்; அது இருந்தால் டான்சில், அடினாய்டு வீக்கமா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். கை கால் வெட்டி இழுத்தாலோ, உடம்பு விறைத்தாலோ, ஒரே இரவில் பல தடவை வந்தாலோ அது வலிப்பாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். பெங்களூர் ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவும் நரம்பியல் பிரிவும் இருக்கின்றன. விபத்தோ அடியோ மிரட்டலோ நடந்த பிறகு கெட்ட கனவு தொடர்ந்தால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். மருத்துவரிடம் போகும்போது, அலறலை மொபைலில் எடுத்த வீடியோவையும், படுத்த நேரம், அலறிய நேரம் குறித்த தாளையும் கொண்டுபோங்கள். நைட் டெரரா வலிப்பா என்று பிரித்தறிய அவருக்கு அவை பெரிதும் உதவும்.