மூங்கில் தூண்டில்: பூச்சா, ஊறலா?

சரக்குக்கு முதல் எதிரி ஈரம் என்பது வணிகர்களாகிய நாம் அறிந்ததே. அமெரிக்காவில் போலி ஈயை வீசி ட்ரவுட் மீன் பிடிக்கும் கோல்களை, சீனாவின் குவாங்டாங் மூங்கிலைப் பிளந்து, பெரும்பாலும் ஆறு பட்டைகளாக ஒட்டிச் செய்கிறார்கள்.

வார்னிஷ் பூசிய கோல் எடை குறைவு, வீசுவதற்கு லாவகம். ஆனால் பூச்சில் விரிசல் கண்டால் ஈரம் உள்ளே இறங்கும், மறுபூச்சு தேவைப்படும்.

1940களில் வெர்மான்ட் மாநில ஆர்விஸ் நிறுவனத்தின் வெஸ் ஜோர்டான், மூங்கிலுக்குள்ளேயே பேக்கலைட் பிசினை ஊறச் செய்தார். உரிந்துபோகப் பூச்சே இல்லை. சிறு கீறலைத் தேய்த்து மெருகேற்றினால் போதும். எடைதான் சற்றுக் கூடும்.

அடிக்கடி நனைப்பவருக்கு ஊறல் கோல். பேணி வைப்பவருக்கு வார்னிஷ் கோல். எந்தச் சரக்கானாலும் உபயோகத்தைக் கேட்டு விற்பதே நாணயம். விலை கூடியதைத் தலையில் கட்டினால், வாடிக்கையாளர் மறுமுறை நம் கடைப்படி ஏறமாட்டார்.