யூ.எஸ்.பி. கருவியும் லினக்ஸ் தொடக்கமும்

கருமமொன்று முற்றுப்பெறுதற்கு ஆற்றலும் கருவியும் மட்டும் போதா. அவை கூடுங் காலமும் பொருந்துதல் வேண்டும். கணினியின் தொடக்கத்திலும் இவ்வுண்மையைக் காணலாம்.

பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவ் போன்ற சிறிய யூ.எஸ்.பி. கருவியிலும் அமைத்து இயக்கலாம். வன்தட்டுப் பழுதுற்ற பழைய கணினியும் இதனால் மீண்டும் பயன்படும். ஆயின், சிலவேளை மூலக் கோப்புமுறையைக் காணவில்லையென அறிவித்துக் கணினி இடையே நின்றுவிடுகின்றது. கருவி கெட்டதென எண்ணி, அதனை அழித்து மீள அமைப்போர் தம் கோப்புகளை வீணே இழப்பர். பல வேளைகளிற் கெட்டது கருவியன்று, பொருந்தாதது காலமே.

இதன் காரணத்தை ஆராய்வாம். முதற்கண் தாய்ப்பலகையிலுள்ள பயோஸின் துணையால் பென் டிரைவ் படிக்கப்பட்டு, லினக்ஸின் கருவாகிய கேர்னல் நினைவகத்தில் ஏற்றப்படுகின்றது. கேர்னல் இயங்கத் தொடங்கியதும் அத்துணை நீங்கிவிடும். யூ.எஸ்.பி. இணைப்புகளை அது தானே புதிதாக ஆராய்தல் வேண்டும். இணைப்பு நிலைபெற 100 மில்லி விநாடியேனும் பொறுத்தல் விதி. பின்னர்க் கருவிக்கு எண்ணிடுதல், அதன் இயல்பை வினாவுதல், உரிய இயக்கியைப் பொருத்துதல் என்பன நிகழும். சேமிப்புக் கருவிக்குரிய இயக்கி மேலும் 1 விநாடி தாமதிக்கும். பழைய கேர்னல்களில் இத்தாமதம் 5 விநாடி. இவை ஒருபுறம் நடைபெற, ஏனைய தொடக்கப் பணிகள் மறுபுறம் நில்லாது செல்கின்றன. ஆதலின், தான் எக்கருவியிலிருந்து வந்ததோ அக்கருவியையே கேர்னல் காணாது மயங்குகின்றது.

இதற்குப் பரிகாரம் யாது? கேர்னலுக்குரிய ஆணைவரியில் 'ரூட்டிலே' என்னுஞ் சொல்லுடன் 10 என எழுதின், கேர்னல் 10 விநாடி பொறுத்த பின்னரே மூலக் கோப்புமுறையைத் தேடும். கருவி 2 விநாடியில் ஆயத்தமாயினும் எஞ்சிய 8 விநாடியும் வீணாகும். 12 விநாடி வேண்டுமாயின் முயற்சி தவறும். 'ரூட்வெயிட்' என்பதோ கருவி தோன்றும்வரை காத்திருந்து, தோன்றியவுடன் மேற்செல்லும். ஆயின், கருவி வாராதுபோயின் இதன் காத்திருத்தலுக்கு எல்லையில்லை.

டெபியன் முதலிய தொகுப்புகளிலோ 'இனிட்ராம்எப்எஸ்' என்னும் இடைநிலைத் தொடக்க ஆணைத்தொடர் இப்பணியை ஏற்கின்றது. பொதுவான கணினிகளில் அது 30 விநாடிவரை மீண்டும் மீண்டும் தேடும். கருவி தோன்றினால் உடனே தொடரும். தோன்றாவிடில் பயனரிடம் கட்டளை கேட்கும். மெதுவான கருவிக்கு 'ரூட்டிலே' வழியாக இவ்வெல்லையை 60 என உயர்த்தலாம். கட்டளை கேட்கும் நிலையிலுங்கூட, கருவி தோன்றியபின் 'எக்ஸிட்' என எழுதின் தொடக்கம் தொடர்தல் கூடும். ஆதலின், அழித்தலுக்கு முன் இதனை முயன்று பார்த்தல் அறிவுடைமையாம்.

இன்னுமொன்று கருதற்பாலது. 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' என்னும் பெயர்கள் கருவிகள் தோன்றும் முறைப்படி அமைவன. இன்று ஒன்றாகவும் நாளை வேறாகவும் மாறலாம். எனவே ஆணைவரியில் அப்பெயர்களை விடுத்து, மாறாத 'பார்ட்யூயூஐடி' என்னும் அடையாளத்தை எழுதுதலே தக்கது. பெயர் பிழைத்தவிடத்து எத்துணை நேரங் காத்திருப்பினும் பயனில்லை.

சுருங்கக் கூறின், இத்தனை விநாடி எனக் கண்மூடிக் காத்திருத்தலினும், இன்ன பொருள் வரும்வரை, இன்ன எல்லைக்குட்பட்டு, நோக்கிக் காத்திருத்தலே சிறந்தது என்க.